பவர் இல்லாத கண்ணாடி

நவம்பர் 4, திங்கள்

டாக்டர் பானுப்ரியா இன்று எனக்குக் கம்ப்யூட்டரில் ஒரு பரீட்சை வைத்தார். திரை நிறைய நீலச் சதுரங்களும் சிவப்பு வட்டங்களும். நடுவே எங்கோ ஒரே ஒரு சிவப்புச் சதுரம். கண்டதும் பொத்தானை அமுக்க வேண்டும். கண்டேன். கூடவே திரையோரம் போன எறும்பு, திரைக் கண்ணாடியில் நிழலாகச் சுற்றிய மின்விசிறி, டாக்டரின் வளையலில் ஒட்டியிருந்த செல்லோடேப், எல்லாவற்றையும் கண்டேன். பொத்தானைத்தான் காணோம்.

ஆறு வருட மாத்திரையில் குரல்கள் அடங்கிவிட்டன. கண்ணுக்குள் வரும் கூட்டம் அடங்கவில்லை. ஸ்கிசோஃப்ரினியா உள்ள பலருக்கு இப்படி உண்டாம். "உங்க கண்ணுல ஒரு குறையும் இல்ல, ரெக்சன். எதப் பாக்கணும், எத விடணும்னு பிரிக்கிற வேலதான் மெதுவா நடக்குது" என்றார். வாசலில் ஆள் நிறுத்தாத கல்யாண வீடு மாதிரி. அழைத்தவன், அழைக்காதவன் எல்லாரும் ஒரே பந்தியில்.

அட்டையில் சின்ன ஜன்னல் வெட்டி, வேண்டியதை மட்டும் அதன் வழியே பார்க்கச் சொன்னார். மக்ரூன் இனிப்பு வந்த பெட்டியில் ஒன்று வெட்டிவிட்டேன். யார்டு கேட்டில் லாரியில் வரும் கன்டெய்னர்களின் நம்பர் குறிப்பது என் வேலை, அதற்கு உதவும்.

அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து முழுவதையும் கேட்டாள். திரும்பும்போது ஆட்டோவில் விரல்விட்டு எதையோ எண்ணிக்கொண்டே வந்தாள். அது நல்லதற்கு அல்ல.

நவம்பர் 9, சனி

தங்கை ஜெஸ்லினுக்கு வரன் வருகிறது. பையன் ஜாய்சன், கப்பலில் ஃபிட்டர். அம்மா கண்டுபிடித்த வழி: எனக்குக் கண் சீக்கு. கண் சீக்கு என்றால் ஊர் "ஐயோ பாவம்" என்னும். மனச் சீக்கு என்றால் பெண் எடுக்காது.

மில்லர்புரத்தில் கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப்போனாள். சுவரில் மாட்டியிருந்த எழுத்து அட்டையைக் கடைசி வரி வரைக்கும் வாசித்தேன். அதற்குக் கீழே அச்சகத்தின் போன் நம்பரையும் வாசித்தேன். கடைக்காரர் அண்ணாச்சி திகைத்துவிட்டார்.

"ஏதாவது பவரு போட்டுக் குடுங்க அண்ணாச்சி."

"இல்லாத பவர நான் எங்கன இருந்து போட, அக்கா?"

கடைசியில் வெறும் கண்ணாடி போட்டுக் கொடுத்தார். ஃபிரேம் மட்டும் நல்ல தடிமன். சீக்கு வெளியில் தெரிய வேண்டுமாம்.

நவம்பர் 17, ஞாயிறு

பெண் பார்க்க வந்தார்கள். ஜாய்சனின் அம்மா விஜிலா அத்தை என் எதிரே விரலை நீட்டி, "இது எத்தன வெரலு, மக்களே?" என்றார். மூன்று. ஆனால் நடுவிரலில் மோதிரம், மோதிர இடுக்கில் சந்தன சோப்பு, நகத்தில் ஒரு மீன் செதில். நான் "மூணு" என்று சொல்வதற்குள் அவர் கையை மடக்கிவிட்டார். கண் மோசம் என்று ஏகமனதாக முடிவானது. அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

அத்தைக்குத் தேவமணி என்று ஒரு தம்பி உண்டாம். நிச்சயதார்த்தத்துக்கு வர இயலாது, கப்பலில் இருக்கிறாராம். எத்தனை வருடமாக என்று கேட்டேன். இருபதாம். இருபது வருடமாக ஆளைக் கரையில் விடாத கம்பெனி எது என்று கேட்க வாயெடுத்தேன். அம்மா காலை மிதித்தாள்.

நவம்பர் 18, திங்கள்

கண்ணாடி அழுத்தி மூக்கு வலிக்கிறது.

நவம்பர் 26, செவ்வாய்

சேதி யார்டு வரை போய்விட்டது. சூப்பர்வைசர் லிங்கராஜ் அண்ணாச்சி கூப்பிட்டு, கண் தெரியாதவனை லாரி ஓடுகிற இடத்தில் விட முடியாது, சர்ட்டிபிகேட் கொண்டுவரும்வரை வீட்டில் இரு என்றார். நாலு வருடமாக நான் மெதுவாகக் குறித்தாலும் தப்பாகக் குறித்ததில்லை. அவருக்கும் அது தெரியும்.

கண் நல்ல கண் என்று ஐந்து நிமிடத்தில் சர்ட்டிபிகேட் வாங்கிவிடலாம். வாங்கினால் கல்யாணத்துக்கு வைத்த பொய் உடையும். இல்லாத சீக்குக்கு விடுப்பு, இருக்கிற சீக்குக்கு மூச்சு விடக்கூடாது.

டிசம்பர் 3, செவ்வாய்

விஜிலா அத்தை, கண் நோய் தீர்க்கும் புனித லூசியம்மாளுக்கு நேர்ந்துகொண்டிருக்கிறார். என் பேருக்கு வெள்ளியில் இரண்டு கண். திருநாளன்று கண் சுகமாகிவிட்டது என்று நான் மைக்கில் சாட்சி சொல்ல வேண்டுமாம்.

அம்மா சாப்பிடவில்லை. பொய்க்கு மேல் புனிதையையே இழுத்துவிட்டோம் என்ற பயம். எனக்கும் பயம்தான். அந்தச் சுரூபம் தட்டில் இரண்டு கண்ணை வைத்துக்கொண்டு நிற்கும். நமக்கு எது கோளாறு என்று அவளுக்குத் தெரியாதா என்ன?

டிசம்பர் 13, வெள்ளி

உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் திருநாள் மேடையில் ஏறினேன். மைக்கைப் பிடித்ததும் மாலை, மெழுகுவர்த்தி, நூறு முகம், ஸ்பீக்கர் மேல் ஒரு காக்கா, எல்லாம் ஒரே நேரத்தில் கண்ணுக்குள் வந்தன. அட்டையை எடுத்து அம்மா முகத்தை மட்டும் பிடித்தேன்.

"என் கண்ணுல ஒரு குறையும் இல்ல" என்றேன்.

அவ்வளவுதான். மணி அடித்தார்கள், வேட்டுப் போட்டார்கள், பேண்டு ஆரம்பித்தது. எனக்கு ஆறு வருடமாக ஸ்கிசோஃப்ரினியா, கண்ணில் எப்போதுமே கோளாறு கிடையாது என்று மிச்சத்தையும் சொல்லித்தான் முடித்தேன். மைக்கில், தெளிவாக. ஒருவர் காதிலும் விழவில்லை. அம்மா மட்டும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிசம்பர் 14, சனி

நான் இப்போது ஓர் அற்புதம். தெருவில் இரண்டு பேர் என் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். லிங்கராஜ் அண்ணாச்சி போன் பண்ணி, திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னார். சர்ட்டிபிகேட்? "லூசியம்மையே கையெழுத்துப் போட்டாச்சு, இனி என்னத்துக்குலே?"

வேலை வந்தது, கல்யாணம் நிற்காது. வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாம் லாபம். ஆனால் ஒன்று. கை நடுங்க, வாய் உலர, உடம்பு ஊத, ஆறு வருடம் நான் விழுங்கிய மாத்திரையை இரண்டு வெள்ளிக் கண் ஒரே நாளில் தின்றுவிட்டன.

ஜெஸ்லின் வந்து கட்டிலோரம் உட்கார்ந்தாள். "அண்ணே, நாளைக்கு ஒன் மாத்திரைய அவங்க பாத்தா, ஏன் மறைச்சன்னு என்னத்தான் கேப்பாங்க. கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கிறதுக்கு முன்னாலயே சொல்லிரு. நின்னா நிக்கட்டும்."

சொல்லும்போது அவள் குரல் ஆடியது. அதையும் நான் கவனித்தேன்.

டிசம்பர் 15, ஞாயிறு

பூசை முடிந்ததும் விஜிலா அத்தை வீட்டுக்குத் தனியாகப் போனேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தேன். சீக்கின் பெயர், மாத்திரை, வெறும் கண்ணாடி, எல்லாம் சொன்னேன். அத்தை என்னைப் பார்க்கவே இல்லை. மேலே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சரி, முடிந்தது என்று எழுந்தேன். ஜெஸ்லினிடம் என்ன சொல்வது என்றுதான் யோசித்தேன்.

அப்போது மாடியில் யாரோ தட்டைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"இரு மக்களே" என்றார். "தேவமணி கப்பல்ல இல்ல. மேலதான் இருக்கான். இருவது வருசமா கப்பல்ல போயிருக்கான்னு சொல்லிச் சொல்லி, எங்களுக்கே பாதி நம்பிக்க வந்துட்டு."

நான் திரும்ப உட்கார்ந்தேன். அத்தை மாடிப்படியைப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"ஒன் டாக்டரு பேரு என்ன?"

டிசம்பர் 20, வெள்ளி

லிங்கராஜ் அண்ணாச்சியிடம் சீக்கின் பெயர் போட்ட டாக்டரின் கடிதத்தைக் கொடுத்தேன். இரண்டு நாள் யோசித்தார். இன்று, என் கேட்டில் ஒரு நேரத்துக்கு ஒரு லாரிதான் விட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். ஊரில் மட்டும் இன்னும் அற்புதம்தான். எத்தனை பேரிடம் மறுப்பது?

ஜனவரி 12, ஞாயிறு

மூன்றாம் ஓலை வாசித்தார்கள். இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்று சாமியார் சொன்னபோது அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள். யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. தெரிந்தவர்கள் எல்லாரும் ஒரே குடும்பமாகிவிட்டோம்.

ஜனவரி 20, திங்கள்

ஜெஸ்லின் கல்யாணம் முடிந்தது. தேவமணி அண்ணாச்சி வந்திருந்தார். ஒரு மாத மாத்திரையில் பெரிதாக ஒன்றும் மாறிவிடவில்லை, ஆனால் படியிறங்கி வந்திருக்கிறார். புதுச் சட்டை, மூன்று அளவு பெரியது. ஆளாளுக்கு எந்தத் துறைமுகத்தில் இறங்கினீர்கள் என்று கேட்டார்கள். "மாடியில" என்றார். நல்ல தமாஷ் என்று சிரித்தார்கள்.

மண்டபத்தில் சீரியல் விளக்கு, பேண்டு, பட்டுச்சேலை, ஓடும் பிள்ளைகள், வாசலில் விஜிலா அத்தை. அவர் கண் ஓரிடத்தில் நிற்காமல் அலைந்தது. எழுந்து போகப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து மக்ரூன் அட்டையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். என்ன ஏதென்று கேட்காமல் கண்ணில் வைத்தார். மெதுவாக நகர்த்தினார். ஓரிடத்தில் நிறுத்தினார்.

"என்ன தெரியுது, அண்ணாச்சி?"

"அக்கா" என்றார். "நம்மளத்தான் பாக்கா."

அட்டையை அவர் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை. நாளை வேலைக்குப் போகும்முன் ஒரு பெட்டி மக்ரூன் வாங்க வேண்டும்.