எமில்ராஜுக்கு எடுத்த அழைப்பு

பெப்ரவரி 6, 2025

எங்கள் உளவளத்துணை நிலையத்தின் கையேட்டுக்கு என்னைப் பற்றி எழுதித் தர வேண்டுமாம். பின்னணி: அச்சுவேலி, கமக்காரக் குடும்பம், உளவியலில் பட்டம், கொழும்பில் பயிற்சி. அணுகுமுறை: ஒருங்கிணைந்தது. அப்படியென்றால்? ஒருவருக்கு மூச்சுப் பயிற்சி, இன்னொருவருக்கு எண்ணங்களைப் பிரித்துப் பார்ப்பது, வேறொருவருக்குக் குடும்பத்தையும் கூப்பிட்டு இருத்திக் கதைப்பது. சிலருக்கு வெறுமனே கேட்டுக்கொண்டிருப்பது. மீன், நண்டு, மரவள்ளி என்று கையில் கிடைத்ததையெல்லாம் போட்டு அம்மா கூழ் காய்ச்சுவதும் ஏறக்குறைய இப்படித்தான். அதை எழுத முடியாது.

பெப்ரவரி 11

குருநகர் மீனவர் எமில்ராஜ் மூன்றாம் முறையாக வந்தார். வள்ளத்தின் எஞ்சினுக்குச் சாமான் வாங்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டுத்தான் இங்கே திருநெல்வேலியில் இருக்கும் எங்கள் நிலையத்துக்கு வருகிறார். இன்றுதான் வாய் திறந்தார்.

"அண்டைக்குக் கடலுக்குப் போக வேண்டியது நான், மிஸ். தம்பி றொகான் போனவன். திரும்பி வரேல்லை. அவன் போன இடத்துக்கே போவம் எண்டு கிடக்கு."

மனநல வைத்தியரிடம் போக மறுத்துவிட்டார். மனைவியை அழைத்து வரச் சொன்னேன். "ஐயோ, மனுசிக்குத் தெரியக்கூடாது. வியாழன் நான் வாறன்."

பெப்ரவரி 13

வரவில்லை.

பெப்ரவரி 14

பொறுக்க முடியாமல் அழைத்தேன். எடுத்தது மனைவி லவீனா.

"நீங்கள் ஆர்? என்ரை மனுசனோடை உங்களுக்கு என்ன கதை?"

சொல்ல எனக்கு உரிமை இல்லை. "அவர் வீட்டிலை நிக்கிறாரோ?" என்று மட்டும் கேட்டேன். சந்தேகப்பட அது போதாதா லவீனாவுக்கு? ஏனடி அழைப்பு எடுத்தாய் என்று என்னையே திட்டிக்கொண்டேன். எடுக்காமல் விட்டு, எமில்ராஜுக்கு ஏதும் நடந்திருந்தால்?

பெப்ரவரி 20

அந்த இலக்கத்தை வைத்து விசாரித்து லவீனா இங்கேயே வந்துவிட்டார். சண்டைக்குத்தான் வந்தார். உளவளத்துணை நிலையம் என்ற பலகையைக் கண்டதும் சத்தம் அடங்கிவிட்டது.

"கள்ளத் தொடுப்பு எண்டு சனம் கதைக்குது. அது பரவாயில்லை, மிஸ். விசருக்கு மருந்தெடுக்கப் போனவர் எண்டால் என்ரை பெட்டையளை ஆர் கட்டுவினம்? இனி அனுப்பமாட்டன். நீங்களும் ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

"அவரைத் தனியக் கடலுக்கு விடாதேங்கோ" என்றேன். இவ்வளவு படித்தும் அதுதான் வாயில் வந்தது.

மார்ச் 3

கதை அச்சுவேலிக்கும் வந்துவிட்டது. அம்மா கேட்டார்: "குருநகரிலை ஒருத்தனோடை உன்னைச் சேத்துக் கதைக்கினம். உண்மையோ, பிள்ளை?"

இல்லை என்றால், பிறகு அவன் யார் என்பார். என்னிடம் ஆலோசனைக்கு வந்தவர் என்று சொல்லவும் முடியாது.

"அவனுக்கென்ன, ஆம்பிளை. ஒண்டும் நடக்காத மாதிரித் தனியக் கடல் தொழிலுக்குப் போறானாம்."

"தனியவோ?" என்று கத்திவிட்டேன்.

கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது போல் அம்மா என் முகத்தைப் பார்த்தார். பிறகு அழத் தொடங்கிவிட்டார்.