முனாப் மச்சான்ட தண்ணிப் பம்பு

நிந்தவூர்
03.02.2025

முனாப் மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

போன் அடிச்சா எடுக்கிறீங்க இல்ல. நீங்க கொழும்பில பார்ட்ஸ் கடையில நிக்கிற எண்டு பஸ் கொண்டக்டர் றுமைஸ் சொன்னான். அதான் இத அவன்ட கையில குடுத்து உடுறன். கையெழுத்தப் பாத்துச் சிரிக்காதீங்க. ஓ.எல். எழுதாம பள்ளிக்கூடத்த உட்டத்துக்குப் பொறகு இப்பதான் பேன பிடிக்கிறன்.

விசயம் இதுதான். கிணத்தடியில நீங்க உட்டுட்டுப் போன தண்ணிப் பம்பு பெற்றோல் ஒழுகுது. காபரேட்டர்தான். காலையில பாத்தா மண்ணெல்லாம் நனைஞ்சி மணக்குது. உம்மா ஏசிறா. வந்து பாருங்க, இல்லாட்டி என்ன செய்யிற எண்டு எழுதுங்க.

நபீலா ராத்தா சுகமா இரிக்கா. உங்களப் பத்தி ஒண்டும் கதைக்கிறல்ல.

றிஸ்மி


கொழும்பு
07.02.2025

தம்பி றிஸ்மிக்கு, வஅலைக்கும் ஸலாம்.

காபரேட்டருக்குக் கீழ இரிக்கிற கோப்பையக் கழட்டு. உள்ளுக்க மிதக்கிற புளோட்ட காதுக்கிட்ட வெச்சி ஆட்டிப் பாரு. சளசள எண்டா ஓட்ட. சத்தம் இல்லாட்டி பெற்றோல அடைக்கிற நீடில் தேஞ்சிரிக்கும். ராத்தாக்கிட்டக் குடு, அதுக்கு அவட காதுதான் சரி. கலியாணம் முடிச்ச புதுசில கத்தரித் தோட்டத்தில அவதான் கேட்டுச் சொல்லுவா. எனக்கு இஞ்சின் சத்தத்தில பாதிக் காது போயிட்டே.

ஏலாட்டி பழைய இரும்புக்குக் குடுத்துடு.

அவட இருமல் சுகமா?

முனாப்


நிந்தவூர்
11.02.2025

மச்சானுக்கு ஸலாம்.

ராத்தா ஆட்டிப் பாத்தா. கண்ண மூடிக்கிட்டு கன நேரம் காதுல வெச்சிருந்தா. "ராத்தா, ஓட்டயா கேக்கிறீங்க, ரேடியோவா?" எண்டன். சிரிக்கல்ல. "ஓட்ட இல்ல" எண்டு சொல்லிப்போட்டு குசினிக்குள்ள போயிட்டா.

பழைய நீடில இத்தோட அனுப்புறன். புதுசு வேணும்.

ஞாபகமா மச்சான், அந்தப் பம்பு முதல்நாள் தண்ணி கக்கினதும் ஹோஸ ராத்தாட பக்கம் திருப்பினீங்களே? புதுச் சாரி வேற. "இந்தப் பைத்தியத்தயா எனக்குக் கட்டி வெச்சீங்க" எண்டு கத்திக்கிட்டு ஓடினா. நாலு கத்தரிக் கண்டு மிதிபட்டுச் செத்த.

இருமல் இல்ல.

றிஸ்மி


கொழும்பு
15.02.2025

தம்பிக்கு ஸலாம்.

புது நீடில் உள்ளுக்க இரிக்கி. மெல்லமா இறுக்கு.

நான் வெளிக்கிட்ட அண்டைக்கு நீ சொன்னது பிழையில்ல. நம்மட ஊர்ல மாப்பிள்ளதான் பொண்டாட்டிட ஊட்டுக்கு வாற. வெளிக்கிட்டா கொண்டு வந்தத்த எடுத்துக்கிட்டுப் போகணும். "ஒரு பம்போட எங்கட ஊட்டுக்கு வந்த ஆள்" எண்டாய். நான் அதயும் எடுக்கல்ல. கத்தரிக்குத் தண்ணி வேணுமே.

உன்ட கதைக்கு நான் வெளிக்கிடல்ல. நபீலா வாசல்ல பேசாம நிண்டாவே, அதுக்குத்தான்.

முனாப்


நிந்தவூர்
20.02.2025

மச்சானுக்கு,

நீடில் போட்டன். பொழுதுபடு மட்டும் ஒரு சொட்டு ஒழுகல்ல. அடுத்தநாள் காலையில பாத்தா திரும்பவும் ஈரம்! உங்கட கடைச் சாமானுக்கு நல்லா ஏசிப்போட்டு, இண்டைக்கு சுபஹு தொழுதுட்டு வந்து கொய்யா மரத்துக்குப் பின்னால ஒளிச்சி நிண்டன்.

ராத்தா வந்தா. பெற்றோல் டெப்பத் திறந்தா. கோப்பைக்கு அடியில இரிக்கிற ஆணிய அரைச் சுத்துக் கழட்டினா. உள்ளங்கையில நாலு சொட்டு விழுந்த. முகத்துக்கிட்டக் கொண்டு போனா. தோட்டத்தால வரக்க உங்கட சேட்டில அடிக்கிற மணம்தானே அது. பொறகு ஆணியத் திருப்பி உட்டுட்டு, சாரித் தொங்கல்ல கையத் துடைச்சிட்டு உள்ளுக்க போனா. ஆணிய ஒழுங்கா இறுக்கத் தெரியா அவக்கு. அதான் ஒழுகிற.

பழைய நீடில்ல ஒரு பிழையும் இல்ல மச்சான்.

இன்னொண்டு. அண்டைக்கு அவ பேசாம நிண்டது என்ட கதைக்கு ஓம் எண்டு இல்ல. நீங்க கேற்றத் தாண்டினதும் எனக்கு அறஞ்ச அறை இன்னும் காதுக்குள்ள இரையிது. வெக்கத்தில உங்களுக்குச் சொல்லல்ல. என்ட வாய்தான் எல்லாத்துக்கும். மாப்புத் தாங்க.

நோம்புக்குப் பத்து நாள்தான் கிடக்கு. றுமைஸுக்கிட்ட பஸ்ஸில உங்களுக்கு ஒரு சீற்றுச் சொல்லியிரிக்கன்.

ஆணிய நான் இறுக்கல்ல. நீங்க வந்து இறுக்குங்க. பெற்றோல் விக்கிற விலைக்கு, கெதியா.

றிஸ்மி