ஒஸ்ரின்காரரின் அபிப்பிராயம்

குருநகர்,
12.2.1979

அன்பு மகள் லூர்த்துவுக்கு,

நீ அனுப்பிய கம்பளிச் சால்வை பத்திரமாய்க் கிடைத்தது. இந்த வெயிலில் அதைப் போர்த்திக்கொண்டு அம்மா பூசைக்குப் போய், எல்லோருக்கும் காட்டிவிட்டு வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார்.

எங்கள் வாடகைக் கார் ஸ்ராண்டில் இப்போது யப்பான் கார்தான் பேச்சு. இறக்குமதியைத் திறந்துவிட்ட பிறகு, எனக்குப் பக்கத்தில் கார் விடுகிற சிமியோனும் ஒன்று எடுத்துவிட்டான். திறப்பைத் திருகியதும் முனகாமல் ஸ்ராட் ஆகிறதாம். ஆனால் கதவைச் சாத்தினால் பிஸ்கற் தகரத்தின் சத்தம். நான் என் பழைய இங்கிலாந்துக் கார் ஒஸ்ரினை விடமாட்டேன். அதைச் செய்த நாட்டுக்காரரை நினைத்தால்தான் எரிச்சல் வருகிறது. லண்டன் தெருவில் குப்பை மலையாய்க் கிடக்கும் படத்தைப் பேப்பரில் பார்த்தேன். பிணம் புதைக்கிறவர்களும் வேலைநிறுத்தமாம்! இப்படியே போனால் யப்பான்காரன் உலகத்தையே பிடித்துவிடுவான்.

தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கும் ஒரு பொடியனை அம்மா உனக்கு விசாரித்து வைத்திருக்கிறார். நம்மைப்போல நல்ல கத்தோலிக்க வேதக்காரக் குடும்பம். உன் விருப்பத்தை எழுது.

அன்புள்ள அப்பா,
அடைக்கலநாதன்

*

பேர்மிங்காம்,
4.3.1979

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை பஸ்ஸில் வாசித்துச் சிரித்ததில் இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டேன்.

ஆனால் அப்பா, நீங்கள் ஒரு பக்கத்தைத்தான் சொல்கிறீர்கள். இங்கே கார்த் தொழிற்சாலையில் வேலைசெய்யும் ஒருவரைத் தெரியும். நான் நேர்ஸாய் நிற்கும் வார்ட்டில் கிடந்த தன் நண்பரைப் பார்க்க அடிக்கடி வந்தவர். இயந்திரங்கள் எல்லாம் கிழடு தட்டிப்போய்விட்டன, முதலாளிமார் புதிதாய் ஒன்றும் வாங்குவதில்லை, பழி மட்டும் வேலைக்காரர் தலையில் என்று அவர் சொல்கிறார். நம் ஊர்ப்பக்கத்தவர்தான். தொண்டைமானாறு. பெயர் நாகலிங்கம்.

மருந்துகலக்குபவர் விஷயத்தை இப்போதைக்குப் பேச வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

அன்பு மகள்,
லூர்த்தம்மா

*

குருநகர்,
2.4.1979

அன்பு மகளுக்கு,

பெரிய வெள்ளி நெருங்குகிறது. அம்மா ஒரு நேரச் சாப்பாட்டோடு ஒருசந்தியாய் இருக்கிறார். பெற்றோல் விலை கேட்டால் தலை சுற்றுகிறது.

நீ எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். இயந்திரம் பழசு என்பது ஒரு நியாயமா? என் ஒஸ்ரின் உன் வயதுக்கு மூத்தது. இன்றைக்கும் ஓடுகிறது. ஓட்டுகிறவன் வேலைக்குப் போக வேண்டும், அவ்வளவுதான்.

சீமைக்குப் போன தொண்டைமானாற்றுப் பிள்ளை படிக்காமல் ஏன் தொழிற்சாலையில் நிற்கிறார்? அவருடைய கதையை நீ ஏன் இவ்வளவு விரிவாய் எழுதுகிறாய்? அம்மா கேட்கச் சொன்னார்.

அப்பா

*

பேர்மிங்காம்,
17.6.1979

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மா கேட்கவில்லை, நீங்கள்தான் கேட்டீர்கள். அதனால் உங்களுக்கே சொல்கிறேன். நாங்கள் இருவரும் கலியாணம் செய்ய முடிவு செய்திருக்கிறோம்.

கணக்கியல் படிக்கத்தான் வந்தார். ஊரில் தகப்பனார் கடலோடு போன பிறகு வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று தொழிற்சாலைக்குப் போனார். நம் கோயிலில் சுவாமியார் முன்னால் கைப்பிடிக்கச் சம்மதித்துவிட்டார். தன் முருகனை மட்டும் கைவிட மாட்டாராம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவர்கள் பகுதியில் இப்போது வேலைநிறுத்தம். மூன்று கிழமையாய் அவரும் வேலைக்குப் போகாமல் தொழிற்சாலை வாசலில் நிற்கிறார். நீங்கள் கோபிப்பீர்கள் என்று தெரியும். ஆனாலும் உங்கள் சம்மதம் இல்லாமல் எனக்குச் சந்தோஷம் வராது.

லூர்த்து

*

குருநகர்,
15.7.1979

மகளுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே அவசரகாலச் சட்டம். இருட்டினால் ஹயர் ஓட்டத்துக்குப் போவதில்லை.

கோயில் வேறு என்பதை அம்மாவும் சுவாமியாரும் பார்த்துக்கொள்ளட்டும். வேலை இருக்கும்போதே வேலையை விட்டு வெளியில் நிற்கிறவரை நம்பி உன்னை எப்படிக் கொடுப்பேன்? என் வாயால் சரி என்று வராது. இனி அவரைப் பற்றி எனக்கு எழுதாதே.

அடைக்கலநாதன்

*

பேர்மிங்காம்,
19.8.1979

அன்புள்ள அப்பாவுக்கு,

அவரைப் பற்றி எழுதவில்லை. நான் சுகமாயிருக்கிறேன்.

நேற்றுப் பேப்பரில் புதுமாதிரிக் கார் ஒன்றின் படம் வந்திருந்தது. 'அப்பா பார்த்தால் என்ன சொல்லுவார்?' என்றுதான் முதலில் நினைத்தேன். வெட்டி வைத்திருக்கிறேன். அனுப்பலாமா என்று தெரியவில்லை.

லூர்த்து

*

குருநகர்,
10.9.1979

அன்பு மகள் லூர்த்துவுக்கும் தம்பி நாகலிங்கத்துக்கும்,

படத்தை அனுப்பு. மற்றதை இனிச் சொல்கிறேன்.

போன கிழமை தொண்டைமானாற்றுச் சன்னிதி முருகன் தேருக்கு ஹயர் கிடைத்தது. ஆட்களைக் கோயிலடியில் இறக்கிவிட்டு, நாகலிங்கத்தின் வீட்டை விசாரித்துக்கொண்டு போனேன். படலைக்கு முன்னால் காரை நிறுத்தி, பொனெற்றைத் திறந்து வைத்துக்கொண்டு, றேடியேற்றருக்குத் தண்ணீர் கேட்டேன். காருக்கு ஒரு குறையும் இல்லை. அந்த வீட்டு மனிதரைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

தம்பியின் தாயார் வாளியோடு வந்தார். "வெயிலுக்கை நிக்கிறியள், இருங்கோ, தேத்தண்ணி தாறன்" என்றார். பிள்ளைகளைப் பற்றிக் கேட்டேன்.

"மூத்தவன் சீமையிலை. கார் செய்யிற இடத்திலை வேலை."

"அப்ப நல்ல வசதிதானே?"

"எங்கை! வேலைக்குப் போகாமல் வாசலிலை நிக்கிறானாம். மிசினிலை கை அடிபட்ட கிழவன் ஒருத்தரை வேலையாலை நிப்பாட்டிப் போட்டாங்களாம், அதுக்குத்தானாம். 'உனக்கேன் உந்த வில்லங்கம்?' எண்டு எழுதினன். 'அம்மா, நான் புதுசாய்ப் போன நாளிலை தன்ரை சாப்பாட்டிலை பாதி தந்த மனிசன் அவர்' எண்டு மறுமொழி போட்டான். பிறகு நான் என்னத்தைச் சொல்ல?"

நான் தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தேன். அவர் விடவில்லை.

"அங்கை ஒரு நேர்ஸ் பிள்ளையை விரும்பியிருக்கிறான். வேதக்காரப் பிள்ளை. தேப்பன்காரர் யாழ்ப்பாணத்திலை உங்களைப்போலை கார் ஓடுறவராம். சரியான கோவக்காரராம். சம்மதிக்கேல்லை."

எனக்குத் தேத்தண்ணி புரைக்கேறிவிட்டது.

"ஆனால் நல்ல மனிசனாய்த்தான் இருப்பார்" என்றார். "இல்லாட்டில் பிள்ளை அப்பிடி வளர்ந்திருக்காது. சன்னிதியானிட்டை அவருக்காண்டியும் ஒரு கற்பூரம் கொளுத்தினனான்."

நான் யார் என்று காட்டிக்கொள்ளவில்லை. "அவர் சம்மதிப்பார், அக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காரை எடுத்தேன். கோயிலடியில் ஆட்களைத் திரும்ப ஏற்றிக்கொண்டு வரும்போது, வல்லை வெளி தாண்டும் வரை அவர்கள் கேட்டதற்கெல்லாம் ஏறுமாறாய்ப் பதில் சொன்னேனாம்.

கலியாணத்தை நடத்துங்கள். அம்மா சீலை எடுத்துவிட்டார். சுவாமியாரிடம் நானே கதைத்தேன்.

தம்பி, கிழவருக்காக நின்றது சரி. வேலைநிறுத்தங்கள் பற்றிய என் அபிப்பிராயம் மட்டும் மாறவில்லை. நீர் லீவில் வந்தால் நேரில் வாதாடுவோம். இங்கே சிமியோன் நான் சொல்வதற்கெல்லாம் ஓம் என்கிறான், ஒரு சுவையும் இல்லை.

உம்முடைய அம்மாவுக்கு, தண்ணீர் கேட்ட கார்க்காரன் யார் என்று நீரே எழுதிவிடும். எனக்கு வெட்கமாயிருக்கிறது.

உங்கள் அன்புள்ள அப்பா,
அடைக்கலநாதன்