முன்படிக்கு ஒன்பது தொழில்

மார்ச் 3

நூறு வயதான ஒரு மன்றத்துக்குக் கம்பெனியிலிருந்து என்னை அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு படிக்கட்டு, இரண்டு கதவு, இரண்டுக்கும் கார்டு பூட்டு. நூற்றாண்டு விழா 20ஆம் தேதி. அன்றைக்குக் கதவுகள் ஒழுங்காகத் திறந்தால் நிரந்தர உத்தரவு தருவதாக முதலாளி சொன்னார். இரண்டு வருஷமாகத் தற்காலிகம். கதவு திறப்பது ஒரு வித்தையா?

மார்ச் 5

வித்தைதான். மன்றத்தின் முதல் விதிப்புத்தகத்தைச் செயலாளர் தூசி தட்டி எடுத்திருக்கிறார். இத்தனை நாள் அதை யாரும் திறந்ததில்லை. எல்லோரும் எல்லா வழியிலும் ஏறினார்கள். இனிமேல் பாரம்பரியமாம். முன்படிக்கு ஒன்பது தொழில் - வக்கீல், டாக்டர், குமாஸ்தா, தந்தி ஆபரேட்டர், டைப்பிஸ்ட் என்று போகிறது. டைப்பிஸ்ட்! அந்தக் காலத்தில் பத்து விரலும் ஆடினால் பெரிய மனுஷன் போல. பின்படிக்கு: சமையல்காரர், கூத்தாடி, பந்து விளையாடுவோர், 'இயந்திரத்துக்கு எண்ணெய் விடுவோர்'.

கடைசியில் சொன்னது என்னை. நாலு வருஷம் இன்ஜினியரிங் படித்து வாங்கிய பட்டம்.

வீட்டில் சொல்லித் தொலைத்தேன். அப்பா ஓய்வு பெற்ற குமாஸ்தா. "நான் முன்படி, நீ பின்படி. அந்தத் தண்ணிச் செம்பை எடு" என்றார்.

மார்ச் 9

"புத்தகத்தில் இல்லாத தொழிலுக்கு என்ன செய்யறது சார்?" என்று செயலாளரைக் கேட்டேன்.

"இல்லாதவன் பின்னால போகட்டும்."

"நிறைய பேர் இல்லாம போவாங்க சார்."

"தம்பி, நீ கதவைப் பாரு. ஊரைப் பார்க்க நான் இருக்கேன்."

எழுதிக் கொடுங்கள் என்றேன். கொடுத்தார். 'ஒரு எழுத்தும் பிசகாமல்.' டைப் அடித்தது மன்றத்து டைப்பிஸ்ட் அக்கா, அவரும் ஒரு உறுப்பினர். அடிக்கும்போதே சிரித்தார்.

மார்ச் 12

உறுப்பினர் 240. முன்படி தேறியது 31. மற்றவர்கள் மென்பொருள், விளம்பரம், தூக்கம் வர வைக்கும் பயிற்சியாளர், நாய்க்கு முடி வெட்டும் ஒருவர் (சொந்தமாக நாலு மாடி). செயலாளரின் தொழில்: 'நிறுவன உருமாற்ற ஆலோசகர்'. புத்தகத்தைப் பின்னாலிருந்தும் புரட்டினேன். இல்லை.

சொல்லப் போனேன். "சார், உங்க கார்டு..."

"மேஜையில வச்சுட்டுப் போ."

வைத்துவிட்டு வந்தேன். இன்னொரு முறை சொல்லியிருக்கலாமா? போ என்றால் போகிறவன் நான்.

மார்ச் 20

இன்று காலைதான் பூட்டுகளுக்கு உயிர் கொடுத்தேன். சிறப்பு விருந்தினர் உலகக் கோப்பை ஜெயித்த பந்தாட்டக்காரர். பூங்கொத்து, கேமரா, முன் கதவு. கார்டை வைத்தார். சிவப்பு.

செயலாளர் பல்லைக் காட்டிக்கொண்டே தன் கார்டை வைத்தார். சிவப்பு. துடைத்து வைத்தார். சிவப்பு.

டைப்பிஸ்ட் அக்கா வந்தார். பச்சை.

"அம்மா, கதவைப் பிடிங்க!"

"ஒரு கார்டுக்கு ஒரு ஆள் சார். விதி. நான்தானே டைப் அடிச்சேன்?" புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு மகாராணி மாதிரி ஏறிப் போனார்.

பின்படி சமையலறையை ஒட்டி. சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்த பந்தாட்டக்காரர் அங்கேயே மாவு டிரம்மில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்துவிட்டார். பின்னாலேயே மொத்தக் கூட்டமும். விருந்து வைத்த சமையல்காரருக்கு மூன்று ஹோட்டல், அவரும் உறுப்பினர். கரண்டியைக் கையில் கொடுத்துச் செயலாளரையே பரிமாற விட்டார். மேலே மண்டபத்தில் முப்பது வக்கீல் டாக்டர்களும் அக்காவும் மட்டும். தலைமையுரை அக்கா.

கதவுகள் ஒரு பிழையும் இல்லாமல் வேலை செய்தன. அதை யாராவது எழுதி வைக்க வேண்டாமா?

மார்ச் 21

வேலை போச்சு.

மார்ச் 22

செயலாளர் எழுதிக் கொடுத்ததை முதலாளியிடம் காட்டினேன். "படிச்சவன்தானேடா நீ, கொஞ்சம் பிசகக் கூடாதா?" என்கிறார். பிசகினால் திட்டு, பிசகாவிட்டால் சீட்டுக் கிழிப்பு - என்னய்யா நியாயம் இது!

அப்பா இன்று செம்பு கேட்கவில்லை. தானே எடுத்துக் குடித்தார். அதுதான் கஷ்டமாக இருந்தது.

மார்ச் 25

சமையல்காரர் போன் பண்ணினார். "சொன்னதைச் சொன்னபடி செய்யற ஆள் எனக்கு வேணும். என்கிட்ட இருக்கறவன் ஒரு சிட்டிகைன்னா ஒரு பிடி போடறான்." சமையலறை இயந்திரங்கள் எல்லாம் என் பொறுப்பு. காலை ஆறு மணிக்கு வேலை.

சமையல்காரரிடமா என்று அப்பா முகம் சுளித்தார். சாயங்காலம் சமையல்காரரே நேரில் வந்தார்; அவருடைய காரை வாசலில் பார்த்த பிறகு அப்பா சட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

ஏப்ரல் 17

வெங்காயம் உரிக்கும் இயந்திரம் நின்றுவிட்டது. உதிரி மதியம்தான் வரும். நாற்பது கிலோவில் பாதியைக் கையாலேயே உரித்து முடித்தபோது முதலாளி - பழைய முதலாளி - போனில் கூப்பிட்டார். மன்றம் விதியை மாற்றிவிட்டதாம், பூட்டுகளுக்கு நான் எழுதிய நிரலைத் தொட ஆளில்லையாம்.

"நிரந்தர உத்தரவு கையெழுத்தாயிடுச்சு. உடனே கிளம்பி வா."

மூக்கை உறிஞ்சினேன்.

"அழாதே தம்பி, எனக்கும் மனசு கேக்கல."

"அழல சார். கேட்டுட்டுச் சொல்றேன்."

"யாரைக் கேக்கணும்? அப்பாவையா?"

"சமையல்காரரை. அரை நாள் லீவு கிடைச்சா வந்து மாத்திக் கொடுத்துட்டுப் போறேன்."