குமணன்சாவடிக்குப் போன கதவு

அன்பு மகள் நிவேதிதாவுக்கு, நெமிலிச்சேரியிலிருந்து உன் சித்தப்பா எழுதுவது. இங்கே நான் நலம், உன் சித்தி வசந்தகுமாரி என்னை மூன்று வேளையும் திட்டும் அளவுக்கு நலம், டப்ளின் குளிரில் நீயும் காதை மூடிக்கொண்டு நலமாக இருக்க வேண்டும். இந்தக் கவரில் உன் நர்சிங் சர்டிபிகேட்டுகள் ஒன்று விடாமல் இருக்கின்றன. பூட்டிக் கிடந்த உன் அறையிலிருந்து அவை எப்படி வெளியே வந்தன என்பதை இப்போது சொல்லப்போகிறேன். உலகத்தில் ஒருவரும் இதை நம்ப மாட்டார்கள் என்று, நம் வீட்டுத் தண்ணீர் மோட்டார் மேல் சத்தியம் செய்துவிட்டே தொடங்குகிறேன்.

போன மாதம் பெயிண்ட் அடிக்க ஆள் வந்தபோது உன் அறையைப் பூட்டியது நான்தான். சாவியைப் பத்திரமான இடத்தில் வைத்தேன். எவ்வளவு பத்திரம் என்றால், அது எந்த இடம் என்று இன்றுவரை எனக்கே தெரியாது. இருபதாம் தேதி நேர்முகத் தேர்வில் ஒரிஜினல்களைக் காட்டாவிட்டால் அந்த ஆஸ்பத்திரி வேலை கைநழுவிப் போகும் என்று நீ போன் செய்தாய் பார், அன்றைக்கு வீட்டில் ஒரு பூகம்பம். அரிசி டப்பாவைக் கவிழ்த்தோம், தலையணைகளைக் கிழித்தோம், என் சட்டைப் பையை மட்டும் சித்தி நானூறு முறை சோதித்தாள். பூட்டை உடைத்துவிடலாம் என்றாள். முப்பது வருஷம் டாங்கி பேக்டரியில் ஃபிட்டராக இருந்தவன் பூட்டை உடைப்பதா? எங்கள் ஒர்க் ஷாப்பில் ஒரு முறை உண்டு. ஒரு பாகம் எதில் பொருந்த வேண்டுமோ, அதையும் கூடவே அனுப்ப வேண்டும். சாவி பூட்டில் பொருந்த வேண்டும், பூட்டு கதவில் இருக்கிறது, ஆகவே புதுச் சாவி போடக் கதவே கடைக்குப் புறப்பட வேண்டும். கீல்கள் ஹால் பக்கம்தானே, ஊசிகளைத் தட்டி எடுத்து நானும் பக்கத்து வீட்டு மனோகரனும் கதவைப் பெயர்த்தோம். “அண்ணாத்தே, இது இன்னா கதவா, கப்பலா?” என்று அவன் வழி முழுக்க முனகிக்கொண்டே வந்தான்.

அவனுடைய குட்டியானை லோடு வண்டியில் கதவை நிமிர்த்தி நிறுத்தி, நான் பக்கத்தில் மகாராஜா போல நின்றேன். பெங்களூர் போகும் லாரிகளெல்லாம் ஓரங்கட்டி எனக்கு வழிவிட்டன. குமணன்சாவடியில் கதவோடு இறங்கியதும் மூன்று பேர் வந்து காலிங் பெல்லைத் தேடினார்கள். சாவி போடும் கலீலுல்லா பாய் என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், குடித்த டீ மூக்கில் ஏறிவிட்டது. “இன்னா நைனா, நாலு ஸ்க்ரூ கழட்டி பூட்ட மட்டும் பையில போட்டுகினு வந்திருக்கலாமே. பூட்டு நெத்திலயே நம்பர் கீது பாரு, அத எழுதிகினு வந்தாக்கூட போதும்” என்றார். பிறகு பழைய சாவிக் குவியலில் கைவிட்டு, அந்த நம்பருக்கே ஒன்றை எடுத்து, நாலு இழுப்பு அரம் போட்டுத் திருப்பினார். கிளிக். அந்தச் சத்தம் பூந்தமல்லி வரை கேட்டது.

சாவியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தேன். உன் சித்தி சர்டிபிகேட்டுகளை அடுக்கி, கவரில் போட்டு, விலாசமே எழுதி முடித்திருந்தாள். “ஏங்க, கதவே இல்லாத ரூமுக்கு எதுக்குங்க சாவி? உங்க வண்டி தெருமுனை தாண்டறதுக்குள்ள உள்ள போயி எடுத்துட்டேன்” என்றாள். மனோகரன் அங்கேயே தரையில் உட்கார்ந்து சிரித்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை.

கவர் வந்ததும் போன் செய். வெறும் வயிற்றோடு நேர்முகத் தேர்வுக்குப் போகாதே. கேட்பதற்கு மட்டும் பதில் சொல், என்னைப் போல அளக்காதே. வேலை உனக்குத்தான், எங்கள் இருவர் ஆசீர்வாதமும் உனக்கு முன்னால் போய் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்.

லாரி, காலிங் பெல், கிளிக் எல்லாவற்றையும் தள்ளிவிடு. ஒரு சின்னத் துண்டு மட்டும் நிஜம். என் மறதியால் உன் வேலை போய்விடுமோ என்று பயந்துவிட்டேன் அம்மா. அந்தப் பயத்தில், கதவைக் கையில் பிடித்தபடி எதிரே நின்றும், அறை திறந்து கிடந்தது என் கண்ணில் படவே இல்லை.

என்றும் உன்,
சித்தப்பா