மிதிக்கக் கூடாத பூ

14 அக்டோபர் 2024, திங்கள்
கத்தரிக்குத் தண்ணீர் பாய்ச்சினேன். கீர்த்தனா மெக்சிகோவிலிருந்து போன் பண்ணினாள். அங்கே வேலைக்குப் போய் மூன்று வருஷமாகியும் அப்பா அம்மா எட்டிப் பார்க்கவில்லை என்று மகளுக்குக் குறை. டிக்கெட்டே எடுத்துவிட்டாளாம். "மலை ஊரு ஒண்ணு இருக்குப்பா. நல்லா சாப்பிடலாம், தொங்குபாலத்துல நடக்கலாம். கொஞ்ச நாளு அந்த வீட்டை விட்டு வாங்க."

இந்த வயதில் எனக்குத் தொங்குபாலம்தான் குறைச்சல்.

அவள் அம்மா ராமுத்தாய் வரமாட்டேன் என்றுவிட்டாள். "அஜித்து வந்தா வீட்ல ஆளு இருக்கணும்ல."

மகன் இறந்து எட்டு மாதம். அவள் அப்படிச் சொன்னதும் தட்டிலேயே கை கழுவிவிட்டேன்.

17 அக்டோபர்
ஏழு மணி. நாய் இன்றைக்கும் கேட்டுக்கு ஓடி வாலாட்டியது. அங்கே யாரும் இல்லை. திண்டுக்கல்லில் வேலை முடிந்து அவன் வண்டி வந்து நிற்கும் நேரம். நான் கேட்டைத் திறக்கவில்லை. பயமா? பயம்தான்.

19 அக்டோபர்
எழுதித் தொலைத்துவிடுகிறேன்.

அஜித் ரீனாவைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நின்றான். வேதக்காரப் பெண், சர்ச்சுக்குப் போகிற குடும்பம். நான் சொன்னது: "இனிமே இந்த வாசப்படிய மிதிக்காத." பதினெட்டாம் நாள், நத்தம் ரோட்டில் லாரி.

ஆஸ்பத்திரியில் அறுத்துத் தைத்த உடம்பை எங்களில் வீட்டுக்குள் கொண்டுபோவதில்லை. வாசலில் பந்தல் போட்டு, அங்கேயே குளிப்பாட்டி, அங்கிருந்தே எடுத்தோம். கடைசி வரைக்கும் படியை மிதிக்கவில்லை. அப்பன் சொல்லைத் தட்டாத பிள்ளை!

என் தோட்டத்துச் செண்டுமல்லியைத்தான் சுடுகாடு வரைக்கும் வழியெல்லாம் இறைத்தார்கள். அதற்கப்புறம் நான் அந்தப் பூவைப் பயிர் வைக்கவில்லை. ரீனா கேட்டுக்கு வெளியே நின்று அழுதுவிட்டுப் போனாள். உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை. நானும்தான்.

30 அக்டோபர், மெக்சிகோ
ஊர்ப் பெயர் என் வாயில் நுழையவில்லை. கொடைக்கானல் குளிர், வீட்டுக்கு ஒரு கலர். மக்காச்சோள மாவைத் தட்டி மண்கல்லில் போட்டு எடுக்கிறார்கள், நாலு தின்றேன். கோழிக்குழம்பில் மிளகாயோடு சாக்லேட்டையும் அரைத்து விடுகிறார்கள். ராமுத்தாயிடம் சொன்னால் அடிக்க வருவாள்.

தொங்குபாலத்தில் பாதி தூரம் போனேன். கீழே பார்த்ததும் மகள் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பிவிட்டேன். விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து எத்தனை மாதம்!

1 நவம்பர்
காலையில் கதவைத் திறந்தால் தெருவெல்லாம் செண்டுமல்லி இதழ். கால் கூசியது. சாவு போன வழியை யார் மிதிப்பார்கள்? சுவரை ஒட்டி ஒட்டி நடந்தேன். எதிரே வந்தவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

யார் செத்தது என்று கேட்டேன். நாங்கள் தங்கியிருக்கும் வீட்டுக்காரம்மாளிடம் கீர்த்தனா விசாரித்துச் சொன்னாள். "சாவு இல்லப்பா. இறந்தவுங்க இந்த ரெண்டு நாளு வீட்டுக்கு வருவாங்களாம். வழி தெரியணும்ல, அதுக்குத்தான் பூவு. தெருவுல இருந்து வீட்டுக்குள்ள வரைக்கும் போடுவாங்களாம்."

வீட்டுக்குள்ளே வரைக்கும்.

அந்த அம்மாள் பூக்கூடையை என்னிடம் நீட்டி ஏதோ கேட்டாள். "உங்களுக்கு யாரும் வரணுமான்னு கேக்குறாங்கப்பா."

நான் வாங்கவில்லை. இங்கே போட்டு என்ன? அவனுக்கு இந்த வீடா தெரியும்? அறைக்குள் போய் வாயில் துண்டை அடைத்துக்கொண்டு அழுதேன். பாவி நான். பெரும் பாவி.

2 நவம்பர்
ஏழு மணி. இங்கே நாய் இல்லை. ஆனாலும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

11 நவம்பர், வீடு
"நீங்க இல்லாத அம்புட்டு நாளும் கேட்டைத் திறந்துதான் வச்சேன்" என்றாள் ராமுத்தாய். "நாய்தான் வாலாட்டுச்சு. அவன் உள்ள வரல."

"நான் சொன்ன சொல்லுதான் மறிக்குது" என்றேன். இத்தனை மாதத்தில் முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன்.

"தெரியும். அப்ப நீங்கதான் கூப்பிடணும்."

14 நவம்பர்
கீர்த்தனாவிடம் நம்பர் வாங்கி ரீனாவுக்குப் போன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு வீட்டுக்கு வாம்மா என்றேன். வீட்டுக்கா என்று இரண்டு தடவை கேட்டாள். பிறகு, "வாரேன்."

17 நவம்பர், ஞாயிறு
காலையில் திண்டுக்கல் பூ மார்க்கெட். இரண்டு கூடை செண்டுமல்லி. "என்ன கண்ணுசாமி அண்ணே, வெளைய வச்ச ஆளு வாங்க வந்திருக்கீக?" என்றார் பூக்கடை நூர் முகமது. என் முகத்தைப் பார்த்ததும் அவரே கூடையைத் தூக்கிவந்து பஸ்ஸில் வைத்தார்.

சாயங்காலம் ரோட்டிலிருந்து கேட், வாசல், படி, உள்ளே அவன் கட்டில் வரைக்கும் நானும் ராமுத்தாயும் இதழ் உதிர்த்துப் போட்டோம். பக்கத்து வீட்டுச் செல்லக்கிளி பதறி ஓடிவந்தாள். "யாருக்கு என்னாச்சு?" தெருவே பார்த்தது. பார்க்கட்டும்.

ரீனா வந்தாள். பூவைப் பார்த்ததும் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். நம் பக்கத்தில் வளர்ந்த பிள்ளை வேறென்ன செய்யும்? ஓரமாக ஒதுங்கி நடக்கப் பார்த்தாள்.

"ஓரமா வேணாம்மா, மிதிச்சு வா" என்றேன். "வாசப்படியையும் மிதிச்சு வா."

அவனுக்கும் அவளுக்கும் சேர்த்துத்தான் சொன்னேன்.

செருப்பைக் கழற்றிவிட்டு வந்தாள். ராமுத்தாய் அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். நாய் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கேட்டைப் பார்த்து வாலாட்டியது. அப்புறம் முகத்தைத் திருப்பாமலே ஒவ்வொரு அடியாகப் பின்னுக்கு வந்து, படியேறி, வீட்டுக்குள் போய் அவன் கட்டிலடியில் படுத்தது.

அது படுத்த பிறகுதான் கதவைச் சாத்தினேன்.