வடக்குப் பக்கத்துக் கம்பிவேலி

அன்புள்ள நாகஜோதிக்கு,

உனக்கும் பிள்ளைகளுக்கும் காய்ச்சல் விட்டதா? நான் சுகம். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

என் ரூம் இருக்கும் ரூவியிலிருந்து தினமும் பஸ்ஸில் மியூசியத்துக்குப் போய்த் தரை துடைக்கிறேன். நேற்று ஒரு பழைய படத்தின் முன்னால் நின்றுவிட்டேன். "பாய், ஜல்தி!" என்று சூப்பர்வைசர் அவசரப்படுத்திக் கத்திய பிறகுதான் மறுபடி துடைக்க ஆரம்பித்தேன்.

நூற்றைம்பது வருடத்துக்கு முன் இந்த ஊர் வியாபாரிகள் கப்பலேறி வேறொரு நாட்டுக்குப் போய், ஆளில்லாத புல்வெளியில் மாட்டுப்பண்ணை போட்டார்கள் என்று படத்துக்குக் கீழே எழுதியிருக்கிறதாம், கூட வேலை செய்கிறவன் படித்துச் சொன்னான். ஆனால் படத்தில் வேலிக்கு வெளியே ஒருவர் தோளில் ஆட்டுக்குட்டியோடு நிற்கிறார்.

நான் கிளம்புமுன் நம் காட்டுக்கு வேலி போட்ட அன்று, ஆடு மேய்க்கும் பாண்டித்துரை அண்ணனும் அப்படித்தான் நின்றார். "எங்கய்யா காலத்துலருந்து இதான்டா பாதை, வைரவா" என்றார். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வடக்குப் பக்கக் கம்பியை அறுத்துவிடு. ஆடுகள் வந்தால் போனில் அந்தச் சத்தத்தைக் கேட்கவை. மன்னிப்பு மட்டும் நீ கேட்டுவிடாதே, அது நான் கேட்க வேண்டியது. லீவுக்கு இன்னும் பதினாறு மாதம் இருக்கிறது.

பஸ் வந்துவிட்டது.

வைரவன்